ப்ளே ஸ்டோரில் 3+ என்று போட்டிருந்தால் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்டுக்குப் போய் வருகிறார். கணவருக்குப் பெங்களூரில் கட்டட வேலை. ஐந்து வயதுப் பெண்ணும் பத்து வயதுப் பையனும் பள்ளி விட்டு வந்தால் மாமியார் பொறுப்பு. கம்பெனிக்குள் கேமரா போன் கொண்டுபோக விடுவதில்லை என்பதால் இவர் பட்டன் போனோடு போகிறார், ஸ்மார்ட்போன் வீட்டில் இருக்கிறது. "வயசைப் போட்டா அதுக்குத் தகுந்த கேம் மட்டும் வர்ற மாதிரி ப்ளே ஸ்டோர்ல செய்ய முடியுமாங்க? 3+னு போட்டிருந்தா நம்பி ஏத்திக் கொடுக்கலாமா?" இதுதான் கேள்வி.

செய்ய முடியும் அம்மா. ஆனால் 3+ என்ற எண்ணை மட்டும் நம்பிக் கொடுக்க வேண்டாம். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் மற்றதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

நான் மொபைல் கேம் செய்யும் ஒரு நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய் வரும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஒரு கேம் ஸ்டோருக்குப் போவதற்கு முன் வயது ரேட்டிங்குக்கான கேள்வித்தாள் ஒன்றை நிரப்ப வேண்டும். அந்த வேலை எங்கள் பிரிவில்தான் நடக்கிறது. அதனால் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

கூகுள் ஆள் ஒருவர் உட்கார்ந்து கேமை முழுக்க விளையாடிப் பார்த்துவிட்டு "இது மூன்று வயதுக்கு ஏற்றது" என்று முத்திரை குத்துவதாகப் பல பெற்றோர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. கேமைச் செய்தவர்களே திரையில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறோம். சண்டை இருக்கிறதா? அடிபடுவது மனிதரா, கார்ட்டூன் பொம்மையா? ரத்தம் தெரிகிறதா? பயமுறுத்தும் காட்சி உண்டா? ஆடை குறைவான உருவங்கள், கெட்ட வார்த்தை, மது, சிகரெட், சூதாட்டம் இருக்கின்றனவா? கடைசிப் பதிலைக் கொடுத்ததும் எண் தானாகவே வந்துவிடும். பிறகு புகார் வந்தாலோ, ரேட்டிங் அமைப்புகளின் பரிசோதனையில் தவறு தெரிந்தாலோ திருத்துவார்கள். பொய் சொல்லி மாட்டினால் கேமையே கடையிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்பதால் பெரும்பாலோர் உண்மையைத்தான் சொல்கிறார்கள். என் கவலை அதில் இல்லை. கேள்வித்தாள் எதைக் கேட்கவில்லை என்பதில் இருக்கிறது.

அந்த எண் திரையில் தெரியும் காட்சிகளை அளக்கிறது, அவ்வளவுதான். இந்த விளையாட்டு ஐந்து வயதுக் குழந்தைக்குப் புரியுமா என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம் வரும், எந்தப் பொருளுக்கான விளம்பரம் வரும், "இன்னும் ஒரு உயிர் வேண்டுமா, பத்து ரூபாய்" என்று எத்தனை முறை கேட்கும் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் வராது. உங்கள் போனிலேயே சோதித்துப் பாருங்கள். கால்குலேட்டர், தினசரி காலண்டர், பணம் அனுப்பும் ஜிபே ஆகியவற்றின் பக்கத்தைத் திறந்தால் அங்கும் 3+ என்றே இருக்கும். மூன்று வயதுக் குழந்தை ஜிபே பயன்படுத்தலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. குழந்தை கண்ணில் படக்கூடாத காட்சி எதுவும் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். குழந்தைகளுக்காகச் செய்த கேமுக்கும் 3+ வரும். பெரியவர்கள் பொழுதைப் போக்கச் செய்த, பணம் பிடுங்கும் கலர் உருண்டை கேமுக்கும் அதே 3+ வரும்.

இந்த எண்ணுக்கு ஒரு பின்கதை உண்டு. அமெரிக்காவில் 1993-ல் ரத்தம் தெறிக்கும் வீடியோ கேம்களைப் பற்றி செனட் சபையில் விசாரணை நடந்தது. அதன் பிறகு 1994-ல் கேம் தொழில்துறையே இஎஸ்ஆர்பி என்ற ரேட்டிங் அமைப்பைத் தொடங்கியது. ஐரோப்பாவில் 2003-ல் பெகி என்ற ரேட்டிங் அமைப்பு வந்தது. 3, 7, 12, 16, 18 என்ற எண்கள் அதில் உண்டு. போன் கேம்கள் பெருகியபோது ஒவ்வொன்றையும் ஆள் வைத்துப் பார்க்க முடியாது என்பதால், பல நாட்டு அமைப்புகள் சேர்ந்து 2013-ல் ஐஏஆர்சி என்ற கூட்டமைப்பை உருவாக்கின. நான் சொன்ன கேள்வித்தாள் அவர்களுடையது. ப்ளே ஸ்டோர் 2015-ல் இதற்கு மாறியது. ஒரே பதிலிலிருந்து நாட்டுக்கு நாடு வேறு வேறு எண் வரும். சொந்த அமைப்பு இல்லாத நாடுகளுக்கு ஒரு பொதுவான எண் காட்டப்படும். சினிமாவுக்கு யு, யு/ஏ, ஏ கொடுக்கும் நம் தணிக்கை வாரியத்துக்குக் கேம்களோடு சம்பந்தமில்லை என்பதால் இந்தியாவில் நாம் பார்ப்பது அந்தப் பொதுவான எண்ணைத்தான். எந்த ஊர் அளவுகோல் என்பதைப் பொறுத்து எண் மாறும் என்பதற்கு, கட்டிக் கட்டி விளையாடும் மைன்கிராஃப்ட் கேம் நல்ல உதாரணம். அதற்கு ஐரோப்பாவில் 7, அமெரிக்காவில் 10. அதனால் நம் வீட்டில் முகம் சுளிக்க வைக்கும் ஒன்று அவர்களுடைய கணக்கில் சின்ன விஷயமாகப் போயிருக்கலாம். மணப்பெண் அலங்காரம் என்ற பெயரில் வரும் பொம்மை கேம்களில் காதலன், முத்தம் என்றெல்லாம் போவதைப் பார்த்திருப்பீர்கள். எண் சின்னதாக இருந்தாலும் அதை உங்கள் பெண்ணுக்குக் கொடுக்க உங்களுக்கு மனம் வராவிட்டால் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வதுதான் உங்கள் வீட்டுக்கு ரேட்டிங்.

இனி நான் முக்கியமாக நினைக்கும் விஷயம். ஸ்டோருக்குக் கேமை அனுப்பும்போது வயது ரேட்டிங்கைத் தவிர வேறொரு படிவமும் உண்டு. "இந்த கேம் எந்த வயதினருக்காகச் செய்யப்பட்டது?" என்று அதில் கேட்பார்கள். குழந்தைகளுக்கு என்று குறித்தால் கூகுளின் குடும்பக் கொள்கைக்குக் கட்டுப்பட வேண்டும். விளம்பரம் குழந்தைகளுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், குழந்தையின் தகவலைச் சேகரிப்பதில் கட்டுப்பாடு உண்டு. இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்று நினைக்கும் நிறுவனம் 13-க்கு மேல், 18-க்கு மேல் என்று குறித்துவிட்டுப் போகும். ஆனால் காட்சியில் தப்பு எதுவும் இல்லையென்றால் வெளியே தெரியும் எண் அப்போதும் 3+ தான். 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று உள்ளே குறித்த கேம் வெளியே 3+ என்று காட்டிக்கொண்டு நிற்கும். எண்ணை மட்டும் பார்க்கும் பெற்றோருக்கு இது தெரிய வழியே இல்லை.

அதனால் தேடும் பெட்டியில் "கார் கேம்" என்று அடித்து, வருவதில் 3+ இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிடுங்கள். ப்ளே ஸ்டோரில் கேம்ஸ் பகுதிக்குப் போனால் மேல் வரிசையில் சிறுவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கும். கிட்ஸ் அல்லது சில்ட்ரன் என்று எழுதியிருக்கும். அதற்குள் 5 வயது வரை, 6 முதல் 8, 9 முதல் 12 என்று வயது பிரித்திருப்பார்கள். நீங்கள் கேட்ட வயது ஃபில்டர் என்பது உண்மையில் இதுதான். குழந்தைகளுக்காகவே செய்தோம் என்று ஒப்புக்கொண்டு, அதற்கான கட்டுப்பாடுகளையும் ஏற்றவை இங்கே வருகின்றன. சிலவற்றில் டீச்சர் அப்ரூவ்ட் என்ற அடையாளம் இருக்கும். ஆசிரியர்களும் குழந்தை வளர்ச்சி தெரிந்தவர்களும் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை என்று பொருள். 2020-ல் கூகுள் இதை ஆரம்பித்தது. அந்த அடையாளம் இருந்தால் எண்ணை விட அதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

ராகியை முறத்தில் புடைத்த பிறகும் உட்கார்ந்து கல் பொறுக்குவதுபோல, இதற்குப் பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கேமின் பக்கத்தைத் திறந்து இன்ஸ்டால் பட்டனை அழுத்துவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். கேம் பெயருக்குக் கீழே செய்தவர் பெயர் இருக்கும், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. கன்டெயின்ஸ் ஆட்ஸ் என்றால் விளம்பரம் வரும். இன்-ஆப் பர்ச்சேஸஸ் என்றால் உள்ளே காசு கேட்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்த இரண்டுமே இல்லாத கேமைத் தேடுங்கள், கிடைக்கும். பிறகு அபவுட் திஸ் கேம் என்ற இடத்தை அழுத்திக் கடைசி வரை தள்ளுங்கள். உள்ளே விற்கும் பொருள்களின் குறைந்த விலையும் அதிக விலையும் அங்கே ரூபாயில் போட்டிருப்பார்கள். சின்னக் குழந்தைக் கேம் என்று நினைத்துத் திறந்த பக்கத்தில் அதிக விலை ஆயிரக்கணக்கில் நிற்பதைப் பார்த்தால், அது யாரை நம்பிப் பிழைக்கும் கேம் என்று உடனே தெரிந்துவிடும். வயது எண்ணை அழுத்தினால் அந்த எண் ஏன் வந்தது என்ற காரணமும் வரும்: லேசான வன்முறை, பயம், இப்படி. அதோடு யூசர்ஸ் இன்டரேக்ட் என்று இருந்தால் முகம் தெரியாத ஆட்களோடு பேசவோ எழுதவோ முடியும். பொதுவாக இந்த விவரம் வயது எண்ணைக் கூட்டுவதில்லை, பக்கத்தில் தனி வரியாக நின்றுவிடும். என்னைக் கேட்டால் பத்து வயதுப் பையனுக்கு ரத்தக் காட்சியை விடக் கவலைப்பட வேண்டியது இந்த வரிக்குத்தான். கேமுக்குள் மைக்கில் யார் எந்த மொழியில் என்ன திட்டுவார்கள், யார் நைச்சியமாகப் பேசிப் போன் நம்பர் வாங்குவார்கள் என்பதை எந்த ரேட்டிங் அமைப்பும் முன்கூட்டியே அளந்து சொல்ல முடியாது.

தேடலில் முதலில் வருவதை அப்படியே தொடாதீர்கள். ஸ்பான்சர்ட் என்று போட்டிருந்தால் அந்த இடம் காசு கொடுத்து வாங்கியது. பெயர் பெற்ற கேமைத் தேடினால் அதே மாதிரி படம் போட்ட நகல்கள் வரிசையாக வரும். செய்தவர் பெயரைப் பார்ப்பது அதற்காகத்தான். மைன்கிராஃப்ட் என்றால் மொஜாங் என்று இருக்க வேண்டும்.

விளம்பரத்துக்கு ஒரு சுலபமான வழி உண்டு. நெட் இல்லாமலே ஓடும் கேம்கள் நிறைய. அவற்றைக் கொடுக்கும்போது டேட்டாவை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் விளம்பரமும் நின்றுவிடும். மாமியாரிடம் விமானப் படம் போட்ட பட்டனை மட்டும் காட்டிக் கொடுங்கள். "இதைத் தொட்டுட்டுப் புள்ளைங்க கையில குடுங்க, வாங்கினதும் திரும்பத் தொடுங்க" என்று சொன்னால் போதும். அந்த நேரத்தில் போன் அழைப்பும் வராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் கூப்பிடும்போது எடுக்கவில்லையே என்று பயந்துவிடுவீர்கள்.

இப்போது பூட்டுப் போடும் முறை. ப்ளே ஸ்டோரைத் திறந்து மேலே வலது ஓரத்தில் இருக்கும் வட்டத்தைத் தொட்டு செட்டிங்ஸ், அதில் ஃபேமிலி, அதில் பேரன்ட்டல் கன்ட்ரோல்ஸ். ஆன் செய்தால் நாலு இலக்க பின் நம்பர் கேட்கும். பையனுக்குத் தெரிந்த எண்ணை வைக்காதீர்கள். பிறந்த வருஷம், வண்டி நம்பர், ஏடிஎம் பின் எதுவும் வேண்டாம். பிறகு ஆப்ஸ் அண்ட் கேம்ஸ் என்பதில் 3+ அல்லது 7+ என்று ஒரு வரம்பைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்யுங்கள். இனி அதற்கு மேற்பட்ட எதுவும் ப்ளே ஸ்டோரிலிருந்து அந்த போனில் இறங்காது. ரேட்டிங் வாங்காத கேமையும் இது பெரியவர்களுக்கானதாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும், அது நல்லதே.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பூட்டு அந்த ஒரு போனுக்கு மட்டும்தான். கணவர் ஊருக்கு வரும்போது அவர் போனை வாங்கினால் அங்கே தனியாகப் போட வேண்டும். ஏற்கெனவே இறக்கி வைத்த கேமை இது அழிக்காது, நீங்கள்தான் தேடி எடுக்க வேண்டும். தேடினால் பெரிய வயதுக் கேமின் பெயரும் படமும் கண்ணில் படலாம், இறக்கத்தான் முடியாது.

இன்னொரு ஓட்டை இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைகளில் நாம் வாங்கும் குறைந்த விலை போன்களில் ப்ளே ஸ்டோரோடு இன்னொரு ஸ்டோரும் சேர்ந்தே வருகிறது. ரெட்மி என்றால் கெட்ஆப்ஸ், சாம்சங் என்றால் கேலக்ஸி ஸ்டோர், விவோவுக்கும் ஓப்போவுக்கும் அவர்களுடைய சொந்த ஸ்டோர். ப்ளே ஸ்டோரில் நீங்கள் வைத்த பின் நம்பர் இவற்றைக் கட்டுப்படுத்தாது. முன்வாசலைப் பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது பையன் இந்தப் பக்கம் வந்து எதையும் இறக்கிக்கொள்வான். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய் அந்த ஸ்டோரை டிசேபிள் செய்யுங்கள். சில போன்களில் டிசேபிள் செய்ய விடாது, அப்போது ஆப் லாக் என்ற வசதியில் அதற்குத் தனிப் பூட்டுப் போடுங்கள். லாக் ஸ்கிரீனில் படமும் செய்தியுமாக மாறிக்கொண்டே இருக்கும் கிளான்ஸ் என்ற வசதி பல போன்களில் இருக்கிறது. அதிலேயே கேமும் வரும். போனைத் திறக்காமலே விளையாட முடியும் என்பதால் முதல் வேலையாக அதை நிறுத்துங்கள். யூடியூபுக்குள்ளும் பிரவுசரிலும் இறக்காமலே ஆடும் கேம்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் ப்ளே ஸ்டோர் பூட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்தது காசு. இங்கே நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு ஆயா இருக்கிறார். காலமெல்லாம் காட்டு வேலை செய்த கை, விரல் ரேகை தேய்ந்துபோய்விட்டது. ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தாலே பல தடவை எடுக்காது. மகன் வாங்கிக் கொடுத்த போனும் அவர் விரலுக்குத் திறக்கவில்லை. அதனால் வீட்டில் என்ன செய்தார்கள் என்றால், எப்போதும் பக்கத்தில் இருக்கும் பேரனுடைய விரலைப் பதிந்து வைத்துவிட்டார்கள். போன் வந்தால் "டேய், இங்க வந்து வெரலை வைடா" என்று ஆயா கூப்பிடுவார், அவன் ஓடிவந்து திறந்து கொடுப்பான். யாரும் இதில் தப்பு நினைக்கவில்லை. ஆனால் ப்ளே ஸ்டோரில் பொருள் வாங்கும்போது "உறுதிப்படுத்த விரல் வையுங்கள்" என்று கேட்டால் அதே விரல் அங்கேயும் செல்லும். வாங்குவது யார் என்று போனுக்குத் தெரியாது, பதிந்த விரல் என்று மட்டும்தான் தெரியும்.

உங்கள் வீட்டிலும் அப்படி இருக்க வாய்ப்பு அதிகம். இன்றைக்கே பாருங்கள். ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன் என்று இருக்கும், பழைய போனில் ஆதன்டிகேஷன் என்று இருக்கலாம். அதில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கேட்கும்படி வைத்து, விரல் ரேகையை நிறுத்தி, கூகுள் பாஸ்வேர்டை மட்டும் கேட்கும்படி மாற்றுங்கள். அந்த பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும். பேமென்ட் பகுதியில் சேமித்து வைத்த கார்டு, யுபிஐ ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். ஓடிபி வந்தால்தானே காசு போகும் என்று தைரியமாக இருக்க வேண்டாம். ஓடிபி வருவதும் குழந்தை கையில் இருக்கும் அதே போனுக்குத்தான். யுபிஐ ஆட்டோபே ஏதாவது ஓடுகிறதா என்று ஜிபே, போன்பேக்குள் பார்த்துத் தேவையில்லாததை நிறுத்துங்கள். மாதாமாதம் தானாகப் போகும் சின்னத் தொகை யார் கண்ணிலும் படாது.

பையனுக்குத் தனி போன் வாங்கிக் கொடுக்கும் யோசனை இருந்தால், பழைய போனாகவே இருக்கட்டும், அதில் ஃபேமிலி லிங்க் வையுங்கள். கூகுளே இலவசமாகக் கொடுப்பது. குழந்தையின் உண்மையான வயதைச் சொல்லித் தனிக் கணக்குத் திறந்து, அதை உங்கள் கணக்கோடோ கணவர் கணக்கோடோ இணைக்க வேண்டும். வெளியூரில் வேலை செய்யும் பெற்றோருக்கு இதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை. பையன் இங்கே ஒரு கேமைக் கேட்டால் பெங்களூரில் இருக்கும் அப்பாவின் போனுக்கு அனுமதி கேட்டுச் செய்தி போகும். அவர் வேலை இடைவேளையில் பார்த்துச் சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு தட்டு தட்டினால் போதும். ஒவ்வொரு கேமுக்கும் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், ராத்திரி எத்தனை மணிக்குப் போன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் அங்கிருந்தே வைக்கலாம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கணக்குத் திறக்கும்போது தொந்தரவு குறையட்டும் என்று வயதைக் கூட்டிப் போடுகிறோம். அப்படிப் போட்டால் கூகுள் கணக்கில் அவன் பெரியவன் ஆகிவிடுவான், குழந்தைகளுக்கென்று இருக்கும் பாதுகாப்பு எதுவும் அவனுக்குக் கிடைக்காது.

வீட்டில் ஒரே போன் என்றால் ஃபேமிலி லிங்க் சரிப்பட்டு வராது, பெரியவர்களும் அதே போனைப் புழங்குகிறார்கள் அல்லவா. அதற்கு ஆப் பின்னிங் என்று ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குள் தேடுங்கள். ஆன் செய்துவிட்டு, வெளியே வர பின் நம்பர் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்து ஆன் செய்தால், கொடுத்த கேமை விட்டு வேறு எதற்கும் குழந்தையால் போக முடியாது. வாட்ஸ்அப்பும் ஜிபேயும் கண்ணிலேயே படாது. உங்கள் பெண்ணுக்கு இது கச்சிதமாக உதவும். சாம்சங் போனாக இருந்தால் அதிலேயே சாம்சங் கிட்ஸ் என்ற வசதி உண்டு.

பத்து வயதுப் பையன் விஷயம் வேறு. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ என்று துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டிருப்பான், கேட்காவிட்டால் கேட்பான். நீங்கள் ஸ்டோரைப் பூட்டினாலும் நண்பன் போனிலிருந்து குயிக் ஷேரில், ஸ்டோர் இல்லாமலே ஏற்றக்கூடிய ஏபிகே ஃபைலாக வாங்கி ஏற்ற முடியும். அப்படி வருவதற்கு எந்த வயது எண்ணும் இல்லை, உள்ளே வைரஸ் இருந்தாலும் தெரியாது. செட்டிங்ஸில் இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ் என்று தேடி, குரோம், ஃபைல்ஸ், வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள். அதோடு பையனிடம் காரணத்தைப் பேசுங்கள். பத்து வயதில் புரியும். "நீ சின்னப் பையன், வேண்டாம்" என்று முடித்துவிட்டால் அவன் நண்பன் வீட்டில் போய் ஆடுவான். அங்கே நீங்களும் இல்லை, பூட்டும் இல்லை. அந்த கேமின் பக்கத்தை அவனையே திறக்கச் சொல்லி, வயது எண் என்ன, யூசர்ஸ் இன்டரேக்ட் இருக்கிறதா, உள்ளே எவ்வளவு ரூபாய் வரை விற்கிறார்கள் என்று அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். விலையைப் பார்த்ததும் அப்பாவின் நாள் கூலியோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுவான். நான் பார்த்த வரையில் பிள்ளைகள் இதைப் பெரியவர்களை விடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். எதை அனுமதித்தாலும் கேமின் செட்டிங்ஸில் வாய்ஸ் சாட்டை நிறுத்திவிட்டுக் கொடுங்கள்.

எதை ஏற்றலாம் என்றும் கேட்பீர்கள். பெண்ணுக்கு ஜிகாம்ப்ரிஸ். தேடும்போது ஆங்கிலத்தில் ஜி, சி, ஓ, எம், பி, ஆர், ஐ, எஸ் என்று எழுத்தெழுத்தாக அடியுங்கள். 2 வயதிலிருந்து 10 வயது வரைக்கும் நிறைய சின்னச் சின்ன விளையாட்டுகள் அதில் இருக்கின்றன: எண்ணுவது, நிறம், படப்புதிர், மவுஸும் விரலும் பழகுவது. தன்னார்வலர்கள் செய்தது, விளம்பரம் இல்லை, காசு கேட்காது. ஆங்கிலம் கேட்டுப் பழக கான் அகாடமி கிட்ஸ், 2 முதல் 8 வயதுக்கு, அதுவும் முழுக்க இலவசம். பையனுக்குச் செஸ் பிடித்தால் லிசெஸ். விளம்பரம் இல்லாதது, கணக்கில் கிட் மோட் என்பதை ஆன் செய்தால் மற்றவர்களோடு பேசும் வசதி நின்றுவிடும். கட்டிக் கட்டி விளையாடும் ஆசை இருந்தால் மைன்கிராஃப்ட் ஒருமுறை காசு கொடுத்து வாங்குவதற்குத் தகுதியானதுதான். ஆனால் இணையத்தில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து ஆடும் பகுதி வேண்டாம், தனியாக ஆடட்டும். இலவசக் கேம் பத்தை விட ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் கேம் ஒன்று பெரும்பாலும் குழந்தைக்கு நல்லது. காசை முதலிலேயே வாங்கிவிட்டதால் உள்ளே நச்சரிக்கும் தேவை அதற்குக் குறைவு.

வீட்டில் யாராவது ஐபோன் வைத்திருந்தால் செட்டிங்ஸில் ஸ்கிரீன் டைம், அதற்குள் கன்டென்ட் அண்ட் பிரைவசி ரெஸ்ட்ரிக்ஷன்ஸ். ஆப்பிள் தன் வயது எண்களை 2025-ல் மாற்றி 4+, 9+, 13+, 16+, 18+ என்று வைத்திருக்கிறது, ஆண்ட்ராய்டு எண்ணோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கம்ப்யூட்டரில் ஸ்டீம் என்ற கேம் கடையைக் கேட்டால், 13 வயதுக்குக் கீழ் அங்கே கணக்கே கிடையாது.

ரம்மி போலக் காசு வைத்து ஆடும் ஆப்புகள் ரேட்டிங் பார்த்து முடிவு செய்யும் விஷயமே இல்லை. தமிழ்நாட்டில் 2022-ல் இயற்றிய சட்டமும் இதற்காகவே வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டையும் அதற்கான விளம்பரத்தையும் நாடு முழுக்கத் தடை செய்கிறது. "ஜெயிச்சா காசு" என்று எது சொன்னாலும் யார் போனிலிருந்தாலும் அழித்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் குழந்தை தெரியாமல் எதையாவது வாங்கிவிட்டால் முதலில் அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை மறைப்பார்கள், நாள் கடந்துவிடும். ப்ளே ஸ்டோரில் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கேட்டால் பெரும்பாலும் சுலபமாகக் கிடைக்கும். அதற்கு மேல் போய்விட்டால் கேமைச் செய்த நிறுவனத்துக்கே எழுத வேண்டியிருக்கும். உங்களுக்குத் தெரியாத யாரோ உங்கள் கணக்கில் வாங்கியிருந்தால் 120 நாள் வரை கூகுளிடம் முறையிடலாம். கேமுக்கு வெளியே ஒரு லிங்க் மூலமாகவோ, "டைமண்ட் தருகிறேன்" என்று யாரோ சொல்லி ஏமாற்றியோ காசு போயிருந்தால் அது மோசடி, தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்த முடியும். வங்கியிலிருந்து வந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்க வேண்டாம், பரிவர்த்தனை எண் அதில்தான் இருக்கும்.